காட்ஜில்லாவைக் கழுவிய கதை

சினிமாவில் வரும் ராட்சத மிருகத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே, வேறு வேலையில்லையா என்று சில பஞ்சாலைத் தோழர்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் முழுவதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

1954 மார்ச் 1-ம் தேதி பிகினித் தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. ஹிரோஷிமாவில் போட்டதைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு! தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின்மீது வெள்ளைச் சாம்பல் கொட்டிற்று. படகின் பெயர் என்ன தெரியுமா? 'அதிர்ஷ்ட டிராகன்'! அதிலிருந்த 23 மீனவத் தொழிலாளர்களும் நோயில் விழுந்தனர். ரேடியோ இயக்கிய குபோயாமா செப்டம்பரில் மாண்டார். டோக்கியோவில் சுகினாமிப் பகுதிப் பெண்கள் முன்னின்ற இயக்கம் நாடெங்கும் பரவி, குண்டுக்கு எதிராக 3 கோடிக்கு மேற்பட்ட கையெழுத்துக்கள் குவிந்தன.

அதே ஆண்டு நவம்பரில் இஷிரோ ஹோண்டாவின் 'காட்ஜில்லா' வெளிவந்தது. எடுத்த எடுப்பிலேயே கடலில் ஒளி வெடிக்கிறது, கப்பல் எரிகிறது. பார்த்த ஜனங்களுக்கு யாரும் விளக்கவுரை சொல்ல வேண்டியிருக்கவில்லை. குண்டுச் சோதனை கிளப்பிவிட்ட பூதம் டோக்கியோவை மிதிக்கிறது. அதை ஒழிக்கும் வழி விஞ்ஞானி செரிசாவாவிடம் இருக்கிறது. அதுவும் ஆயுதமாகிவிடுமே என்று அஞ்சிக் குறிப்புகளைக் கொளுத்திவிட்டு, பூதத்தோடு தானும் கடலடியில் மடிகிறார்.

(படத்தை எடுத்த தோஹோ ஸ்டூடியோவுக்கும் ஒரு கதை உண்டு. 1948-ல் ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள் அதைக் கைப்பற்றி அமர்ந்தபோது, போலீசுக்குத் துணையாக அமெரிக்க டாங்கிகளும் விமானங்களும் வந்தன. சினிமாத் தொழிலாளிக்கு டாங்கி!)

1956-ல் அமெரிக்கப் பட வியாபாரிகள் கத்தரியை எடுத்தார்கள். 96 நிமிஷப் படம் 80 நிமிஷமாயிற்று. ரேமண்ட் பர் என்ற நடிகரை நிருபராக நடுவில் ஒட்டினார்கள். நாகசாகியில் உயிர் தப்பியதை ரயிலில் சொல்லும் பெண்ணின் பேச்சு போயிற்று. சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு பூதம் வரும் என்ற கடைசி எச்சரிக்கையும் போயிற்று. உலகம் பிழைத்தது என்ற ஆறுதல் வந்தது.

1998 ஹாலிவுட் படத்தில் குற்றவாளி பிரான்ஸ். பிரான்சும் பசிபிக்கில் குண்டு வெடித்தது மெய்தான். ஆனால் பிகினி எங்கே? 2014 படம் அதற்கும் பதில் வைத்திருந்தது: அவை சோதனைகளே அல்லவாம், பூதத்தைக் கொல்லப் போட்ட குண்டுகளாம்! 2019-ல் அதே செரிசாவா பெயர் கொண்ட விஞ்ஞானி, பூதத்துக்கு உயிரூட்டுவதற்காக அணுகுண்டைச் சுமந்து சென்று உயிர் விடுகிறார். ஆயுதத்தை மறைக்க மடிந்தவரின் பெயரையே குண்டு சுமக்க வைத்துவிட்டார்கள்.

மறுபடி எடுப்பதே தவறென்று நாம் சொல்லவில்லை. 2023-ல் ஜப்பானில் எடுத்த 'காட்ஜில்லா மைனஸ் ஒன்' நல்ல படம். அரசாங்கம் கைவிரித்தபின், யுத்தத்திலிருந்து மீண்ட சாதாரண மனிதர்கள், ஒருவரும் சாகாமல் திரும்ப வேண்டும் என்று திட்டமிட்டுக் கடலுக்குப் போகிறார்கள். கிடைத்தால் பாருங்கள். பழைய படத்தையும் பாருங்கள். பார்க்குமுன் அது 96 நிமிஷமா, 80 நிமிஷமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.