பசியும் ஒரு கட்டணமே



ஆகாரம், ஔடதம், அபயம், சாத்திரம் என நால்வகைத் தானங்களைச் சமண அறநூல்கள் போற்றுகின்றன. சமண முனிவர்தம் உறைவிடத்தைச் சுட்டிய ‘பள்ளி’ என்னும் சொல்லே இன்று கல்விக்கூடத்தின் பெயராகவும் நிற்கிறது. ஆதலின், கல்வி அனைவர்க்கும் கட்டணமின்றிக் கிடைத்தல் வேண்டுமா என்னும் வினா இவ்வவைக்குப் பொருத்தமானதே.

வேண்டும் என்பதே என் விடை. ஆயினும், கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது. நம் தேனாம்பேட்டைக்கு அண்மையிலுள்ள ஆயிரம் விளக்கில், 1920-இல், சர் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்க முன்வந்தது. ஒரு மாணவர்க்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. பசியும் ஒரு கட்டணமே என அன்றே உணர்ந்தனர். 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலமெங்கும் பரவத் தொடங்கியது. பாடநூல், சீருடை, மிதிவண்டி ஆகியன பின்னர் வந்தன.

செல்வர் பிள்ளைக்கும் இலவசம் எதற்கு எனச் சிலர் வினவுவர். வறியவர்க்கு மட்டும் என்றால், ஒவ்வொரு குழந்தையும் தன் வறுமையை மெய்ப்பித்தாக வேண்டும். செல்வர் தம் பங்கை வரியாகச் செலுத்தட்டும்; வகுப்பறைக்குள் அனைவரும் நிகராக நுழையட்டும்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையே உறுதியளிக்கிறது. தமிழக அரசுப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு வரை கற்பிப்புக் கட்டணம் இல்லை. கல்லூரி வாயிலில்தான் பல பிள்ளைகள் தயங்கி நிற்கின்றனர். அறக்கட்டளைகள் அங்கே கைகொடுத்தல் வேண்டும். அவ்வாறு உதவுங்கால் மாணவரை மேடையேற்றி நிழற்படம் எடுத்தல் வேண்டா. பெறுவோர் முகம் வாடாமல் தருவதே கல்வித் தானம்.