வாடகைக் கூடமும் சொந்தப் பொறுப்பும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கணினி பற்றிய பேச்சு என்றதும், அது தமக்கு விளங்காது எனப் பெரியோர் எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. நாம் எடுத்துக்கொண்ட பொருள் இயந்திரத்தைப் பற்றியதன்று; முன்யோசனையைப் பற்றியது. ஒரு நிறுவனத்துக்கு இன்றிரவு தீயோ வெள்ளமோ களவோ நேர்ந்தால், நாளைக் காலை அது கதவைத் திறந்து தன் வேலையைச் செய்ய வல்லதா? கேள்வி இவ்வளவே. இதற்கு முன்கூட்டியே விடை எழுதி வைப்பதைத்தான் தொழில் தொடர்ச்சித் திட்டம் என்பர்.

முன்னாளிலே ஒரு கந்தோரின் கணக்குகள் அக்கந்தோரின் இரும்புப் பெட்டியிலேயே இருந்தன. இன்றோ பல நிறுவனங்களின் கணக்குகள் அவற்றின் கூரையின் கீழ் இல்லை. தரவு நிலையம் எனப்படும் பெருங்கூடங்களில் வாடகைக்கு இடம்பெற்று இருக்கின்றன. அங்கே மின்சாரம் தடைப்படின் உடனே தாங்குவதற்கு மின்கலவடுக்குகள் உண்டு. அவை ஓய்வதற்குள் இயங்கத் தொடங்கும் டீசல் மின்பிறப்பாக்கிகள் உண்டு. இரவு பகலாகக் குளிரூட்டலும் காவலும் உண்டு. ஒரு சிறு கொம்பனியோ கூட்டுறவுச் சங்கமோ இவற்றையெல்லாம் தனியே அமைப்பதென்றால் அதன் முதலே கரைந்துவிடும். ஆதலின் கூடத்தை வாடகைக்குக் கொள்வது குற்றமன்று. பெரும்பாலும் அதுவே அறிவுடைமை. ஆனால் கூடத்தை வாடகைக்குக் கொண்டவர்கள் பொறுப்பையும் சேர்த்து ஒப்படைத்துவிட்டதாக எண்ணுகின்றார்களே, அங்கேதான் கேடு தொடங்குகின்றது.

சில உண்மை நிகழ்ச்சிகளை நோக்குவோம். பிரான்ஸ் தேசத்தின் கிழக்கெல்லையிலே, ரைன் நதிக்கரையில், ஸ்திராஸ்பூர்க் என்னும் நகரம் உள்ளது. அங்கே ஓவிஎச் என்னும் கொம்பனியின் தரவு நிலையங்கள் நான்கு ஒரே வளவிலே நின்றன. 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் திகதி நள்ளிரவு கடந்த வேளையில் அவற்றுள் ஒன்றிலே தீப் பற்றியது. ஐந்து மாடிகள் கொண்ட அக்கட்டடம் முற்றாக எரிந்தது. அருகிருந்த கட்டடத்தின் ஒரு பகுதியும் அழிந்தது. மற்றை இரண்டும் எரியாவிடினும் மின்சாரம் துண்டிக்கப்பட்டு ஓய்ந்தன. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. ஆயினும் ஏறத்தாழ 36 இலட்சம் இணையத்தளங்கள் செயலிழந்தன. கொம்பனியின் தலைவர் வாடிக்கையாளரை நோக்கி, உங்கள் மீட்புத் திட்டங்களை இப்போதே செயற்படுத்துங்கள் என்று அறிவித்தார். அத்தகைய திட்டம் ஒன்று வேண்டும் என்பதையே பலர் அன்றைக்குத்தான் அறிந்தனர்!

இதனினும் உற்று நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. காப்புப் படிக்கென்று தனியே பணம் செலுத்திய வாடிக்கையாளரும் இருந்தனர். அவர்களுள் ஒருவரின் காப்புப் படிகள், மூலப் பிரதி இருந்த அதே கட்டடத்திலேயே வைக்கப்பட்டிருந்தன. மூலமும் படியும் ஒரே தீயில் ஒருங்கே வெந்தன. அவர் தொடுத்த வழக்கிலே, லீல் நகரத்து வணிக நீதிமன்றம் 2023இல் அவர்க்கு நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. நட்டஈடு பணத்தைத் தரும்; எரிந்த ஏட்டைத் தருமா? முகில் என்ற அழகிய பெயரைக் கேட்டு, நம் தரவு வானத்திலே மிதப்பதாக நாம் மயங்குகின்றோம். அது மிதப்பதில்லை. ஒரு நாட்டிலே, ஒரு தெருவிலே, ஒரு கட்டடத்திலே, தீப்பற்றக்கூடிய ஓர் அறையிலே இருக்கின்றது. அந்த அறை எங்கே என்று கேட்பது வாடிக்கையாளனின் முதற் கடமையாகும்.

தூர தேசத்துக் கதை என்று இதனைத் தள்ளிவிடவும் இயலாது. நம் நாட்டு அரசின் முகிற் சேவையை 2023 ஓகஸ்ட் மாதத்திலே கப்பங் கேட்கும் தீய மென்பொருள் ஒன்று தாக்கியது. தொடர்பிலே இருந்த காப்புப் படிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. தொடர்பிலிருந்து விலக்கி வைத்த படியோ அண்மைக் காலத்துக்கு இருக்கவில்லை. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை, அரசாங்கக் கந்தோர்களின் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகளுக்குரிய கடிதங்கள் மீளாதொழிந்தன.

செல்வமும் தொழினுட்பமும் மிக்க தென்கொரியாவும் இதற்கு விலக்கன்று. 2025 செப்ரெம்பர் 26ஆம் திகதி, டேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்திலே, மின்கலவடுக்குகளை இடம் மாற்றும் வேலை நடக்கையில் தீ மூண்டது. அரசின் 709 கணினி அமைப்புகள் நின்றன. அரச ஊழியர் தம் அலுவற் பத்திரங்களைச் சேமித்திருந்த 858 டெராபைட் அளவான களஞ்சியம் அழிந்தது. அளவு மிகப் பெரிது என்ற காரணத்தால் அதற்கு வெளியிலே படி எடுக்கப்பட்டிருக்கவில்லை. சிறிது என்றால் அலட்சியம். பெரிது என்றால் மலைப்பு. இரண்டுக்கும் முடிவு ஒன்றே.

இனி, காத்தவர்களையும் கூறுவோம். 2001 செப்ரெம்பர் 11ஆம் திகதி நியூயோர்க்கிலே கோபுரங்கள் வீழ்ந்தபோது, கன்ரர் பிட்ஸ்ஜெரல்ட் என்னும் நிதி நிறுவனம் தன் ஊழியருள் 658 பேரை இழந்தது. அத்துயரத்துக்கு ஈடில்லை. ஆயினும் அதன் கணினி அமைப்பு நியூ ஜேர்சியிலே இரட்டிப்பாக வைக்கப்பட்டிருந்தபடியால், 13ஆம் திகதி கடன்பத்திரச் சந்தை திறந்தபோது அதுவும் மீண்டும் இயங்கியது. எஸ்தோனியா என்னும் சிறு தேசமோ 2017இல் லக்சம்பேர்க்குடன் உடன்படிக்கை செய்து, தன் முக்கிய அரச பதிவேடுகளின் படிகளை அங்கே, தூதரகத்துக்கு ஒப்பான பாதுகாப்புரிமையோடு வைத்திருக்கின்றது. தன் மண்ணுக்கே இடர் வரினும் தன் குடிகளின் பதிவு அழியலாகாது என்பது அதன் துணிபு.

அவ்வாறாயின் ஒரு நிறுவனம் செய்யத்தக்கது யாது? முதலில் இரண்டு வினாக்களைத் தன்னைத் தானே கேட்க வேண்டும். வேலை நின்றால் எத்தனை மணி நேரம் பொறுக்கலாம்? கடைசியாக எழுதியவற்றுள் எவ்வளவு அழிந்தால் தாங்கலாம்? வைத்தியசாலை சில நிமிடங்களும் பொறாது. வாசிகசாலை ஒரு வாரம் பொறுக்கும். வங்கி ஒரு வரியையும் இழத்தலாகாது. நாட்குறிப்பு அச்சிடுவோர் ஒரு நாள் வேலையை மறுபடி செய்யலாம். இவ்விரு விடைகளுக்கு ஏற்பவே செலவை அளந்துகொள்ளல் வேண்டும்.

பின்னர், கூடத்தின் உரிமையாளரிடம் கேட்டு, விடையை ஒப்பந்தத்திலே எழுதிப் பெற வேண்டியவை சில உள. மூலம் எங்கே? படி எங்கே? இரண்டுக்குமிடையே தூரம் எவ்வளவு? தொடர்பிலிருந்து விலகிய படி ஒன்றேனும் உண்டா? நீங்கள் கடையை மூடினால் எம் தரவை எவ்வகையில், எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள்? மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் எளிய விதி. நம் கமக்காரர் இதனை ஏட்டிலே படியாமலே அறிவர். உண்ணும் நெல்லோடு விதைநெல்லைக் கலந்து வைக்கும் கமக்காரனை எவரேனும் கண்டதுண்டோ?

எல்லாவற்றினும் மேலானது ஒத்திகை. திறந்து பார்க்கப்படாத படி படியாகாது. அது வெறும் நம்பிக்கையே. ஆண்டுக்கு ஒருமுறையேனும் மூலம் அழிந்ததாகப் பாவனை செய்து, படியைக் கொண்டு வேலையைத் தொடங்கிப் பார்த்தல் வேண்டும். திட்டத்தைக் கணினியிலே மாத்திரம் வைத்திருந்து, கணினி நின்ற அன்று திட்டத்தைத் தேடுவோரின் நிலையை என்னென்பது! அதனைக் கடதாசியில் அச்சிட்டு, பொறுப்பாளர் பெயர்களோடு வீட்டிலும் வைத்திருத்தல் நன்று.

பெரியோர்களே, ஒரே படியின் துயரத்தை நாம் பிறர் சொல்லி அறிய வேண்டியவர்களல்லோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அச்சிட்ட நூல்களுள் பலவற்றை மீண்டும் வாங்க முடிந்தது; வேறெங்கும் படியில்லாத ஏடுகளை எவராலும் வாங்க முடியவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளம் பல மாவட்டங்களை ஒரே வேளையில் சூழ்ந்தது. படியை அடுத்த அறையில் அன்றி அடுத்த மாவட்டத்துக்கும் அப்பால் வைக்க வேண்டியதன் காரணத்தை அது நன்கு உணர்த்திற்று.

ஆகவே இளைஞர்களே, பிறரைக் குறை கூறுவதோடு நில்லாது நம் வாசலிலிருந்தே தொடங்குவோம். நமது சங்கத்தின் அங்கத்தவர் இடாப்பு, கூட்டக் குறிப்புகள், கணக்குகள், பழைய மலர்கள், புகைப்படங்கள் ஆகியவற்றின் பட்டியல் ஒன்றை இவ்வாண்டே ஆக்குவோம். மூன்று படிகள் எடுப்போம். அவற்றுள் ஒன்றை வேறு நகரிலுள்ள அங்கத்தவர் பொறுப்பிலே வைப்போம். ஒவ்வோர் ஆண்டுப் பொதுக் கூட்டத்திலும் அவற்றைத் திறந்து பார்த்துச் செயலாளர் அறிக்கையிலே ஒரு வரி எழுதுவோம். இதற்கு வேண்டிய பணம் சிறிது. வேண்டிய ஒழுங்கு பெரிது. இங்கே பழகிய இளைஞர் நாளை வங்கியிலும் வைத்தியசாலையிலும் கந்தோரிலும் அமரும்போது, படி எங்கே என்று முதலிற் கேட்பவர்களாய் இருப்பர். அந்தக் கேள்வியினாலே ஒரு நோயாளியின் குறிப்பும் ஓர் ஓய்வூதியக்காரரின் கணக்கும் தப்பிப் பிழைக்கும்.