காப்புக் கட்டும் நாளும் அவித்த முட்டையும்

(மதுரை, கோச்சடையில் சுற்று வட்டார ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இன்று நான் பேச எடுத்துக் கொண்ட விஷயத்தைக் கேட்டு உங்களில் சிலர் சிரிக்கக் கூடும். சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டிய அதிகாரி, மிஞ்சிப் போன அவித்த முட்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று எண்ணலாம். நான் அதைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அதை முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் வேலையில் சேர்ந்த புதிதில், வேறொரு மாவட்டத்தில் ஒரு சத்துணவு மையத்தைப் பார்வையிடச் சென்றேன். ஊரின் பெயர் வேண்டாம். பந்தி முடிகிற நேரம். ஒரு பெரிய பாத்திரத்தில் அறுபது முட்டைகளுக்கு மேல், தோலுரித்தபடி, அப்படியே இருந்தன. சமையலர் அம்மையாரைக் கேட்டேன். "அய்யா, நேத்து ராத்திரி ஊர்ல காப்புக் கட்டிட்டாக. பிள்ளைக முட்டையைத் தொடமாட்டேங்குதுக" என்றார். ஊருக்குக் காப்புக் கட்டினால் கவிச்சி ஆகாது என்பது நம் வழக்கம். முத்தையா சாமி குடியிருக்கும் கோச்சடையில் நின்று கொண்டு அதை நான் விளக்க வேண்டியதில்லை. "வீணாக்காதீர்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு வந்து விட்டேன்.

அந்த அம்மையார் நான் சொன்னபடியே செய்தார். முட்டைகளை மூடி வைத்து, மறுநாள் மசாலாவில் புரட்டி, காப்புக் கட்டாத தெருக்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்குப் பரிமாறினார். மாலைக்குள் பன்னிரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு முழுவதும் இருந்து, மறுநாள் எல்லோரும் நலமாக வீடு திரும்பினார்கள். அந்த இரவை நான் மறக்கவில்லை. அம்மையாரின் விரலில் ஒரு வெட்டுக் காயம் இருந்ததையும், அதில் துணி சுற்றியிருந்ததையும் சுகாதார ஆய்வாளர் கவனித்தார். நானும்தான் முதல் நாள் அந்த விரலைப் பார்த்தேன். பார்த்தும் எதுவும் தோன்றவில்லை.

"மசாலாவில் நன்றாகக் கொதிக்க வைத்தேனே" என்று அவர் அழுதார். அவர் கூறியது பொய்யல்ல. ஆறாத புண்ணிலும் மூக்குச் சளியிலும் வாழும் ஒரு வகைக் கிருமி உண்டு. ஸ்டஃபைலோகாக்கஸ் என்பது அதன் பெயர். அது கை வழியாகச் சமைத்த உணவில் இறங்கி, வெதுவெதுப்பில் பெருகி, நஞ்சைக் கக்குகிறது. மறுபடி கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அது கக்கிய நஞ்சு சாகாது. ஆதலின் "திரும்பச் சூடு பண்ணிவிட்டேன்" என்பது இவ்விஷயத்தில் ஒரு பாதுகாப்பே ஆகாது.

இன்னொன்றையும் நம் மக்கள் தலைகீழாகவே எண்ணுகிறார்கள். பச்சை முட்டை சீக்கிரம் கெடும், அவித்தது நெடுநாள் தாங்கும் என்பது பொது எண்ணம். உண்மை அதற்கு நேர் எதிர். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. கோழி இடும்போதே அவற்றின் மேல் ஒரு மெல்லிய பூச்சு படிந்து வருகிறது. அதுதான் காவல். கொதிநீரில் அந்தப் பூச்சு கரைந்து போகிறது. சுட்ட முட்டையைத் தண்ணீரில் போட்டதும் உள்ளே இருப்பது சுருங்கி, துளை வழியே வெளித் தண்ணீரை இழுக்கிறது. அந்தத் தண்ணீர் தொட்டித் தண்ணீராக இருந்தால் என்னவாகும் என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளலாம். குளிர வைப்பதற்கும் குடிநீரையே உபயோகிக்க வேண்டும்.

அவித்த முட்டையைக் குளிர்ப்பெட்டியில் ஓட்டோடு வைத்தால் ஒரு வாரம் இருக்கும். வெளியில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைக்கக் கூடாது என்பதும், வெப்பம் 32 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரமே கணக்கு என்பதும் உணவு நிபுணர்கள் வகுத்த அளவு. மதுரையில் சித்திரை வைகாசியில் 32 டிகிரி என்பது காலைப் பலகார வேளையிலேயே வந்து விடுகிறது! தோலுரித்ததை அன்றே தீர்த்து விட வேண்டும்.

விரத காலத்தில் முட்டை மிஞ்சுவது நமக்கு மட்டும் நேர்ந்த சங்கடமல்ல. ஐரோப்பாவில் முற்காலத்துக் கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையையும் விலக்கினார்கள். ஆனால் கோழிக்கு விரதம் தெரியாதே! அது நாள்தோறும் இட்டுக் கொண்டுதான் இருந்தது. சேர்ந்த முட்டைகளை ஈஸ்டர் நாளில் அவித்து, சாயம் பூசிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அங்கே இன்றும் ஈஸ்டருக்கு மறுநாள் வீடுதோறும் அவித்த முட்டை மிஞ்சுகிறது. நம்மிடம் புரட்டாசி மாதம் அதே வேலையைச் செய்கிறது. பலரும் அம்மாதம் முட்டை உண்பதில்லை. நாமக்கல்லில் விலை இறங்குகிறது. கோழி வளர்க்கும் நண்பர்கள் இதை நன்கு அறிவார்கள்.

நமது மாநிலத்தில் 1956-இல் காமராஜர் காலத்தில் பள்ளி மதிய உணவு தொடங்கியது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 1989-இல் இரண்டு வாரத்திற்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து, 2010-இல் வாரத்திற்கு ஐந்து என்றாயிற்று. உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் உண்டு. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. அன்று அந்தப் பாத்திரத்தில் கிடந்த அறுபதில் 360 கிராம். வீட்டில் பருப்பே அரிதாகக் கிடைக்கும் பிள்ளைக்கு இது சிறிய விஷயமல்ல. கொட்டி விடுங்கள் என்று சொல்வதற்கு எனக்கும் மனம் வரவில்லை. மறுநாள் கொடுங்கள் என்று சொல்லவும் இனி முடியாது.

ஆகையால் ஊராட்சி உறுப்பினர்களிடம் எனது வேண்டுகோள் மிகவும் எளிது. உங்கள் ஊரில் காப்புக் கட்டும் நாள், முளைப்பாரி நாள், கிடாவெட்டு நாள் யாவும் உங்களைக் கேட்டுத்தான் குறிக்கப்படுகின்றன. அந்தத் தேதியைச் சத்துணவு அமைப்பாளருக்கு மூன்று நாள் முன்னதாகச் சொல்லி விடுங்கள். காலையில் பிள்ளைகளை எண்ணி, முட்டை உண்பவர் எத்தனை பேர் என்று கேட்ட பிறகே அடுப்பில் ஏற்றலாம். அவிக்காத முட்டை நிழலில், காற்றாட, கழுவாமல் வைத்தால் சில நாள் பொறுக்கும். அவித்த பின் மிஞ்சினால், தலைமையாசிரியர் அறிய, அதே பந்தியில் விரும்பும் பிள்ளைக்கு இரண்டாவதாகக் கொடுத்து விட்டுப் பதிவேட்டில் எழுதி விடலாம். கையில் புண் உள்ளவர் அன்று முட்டை உரிக்க வேண்டாம், உடனிருப்பவர் உரிக்கட்டும்.

இனி வீட்டு விஷயம். திருவிழா முடிந்த மறுநாள் விருந்துக்கென அவித்ததில் பத்து மிஞ்சியது என்றால் தாய்மார்களுக்கு நான் சமையல் சொல்லித் தரத் தேவையில்லை. எனினும் என் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். முட்டையைத் துருவி, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மிளகு, சீரகம் தாளித்து அதில் கொட்டிக் கிளறினால் பொடிமாஸ். ஐந்து முட்டை எட்டுப் பேர் சாப்பாட்டுக்குக் காணும். புளிக்குழம்பில் கீறிப் போடுவது பழைய முறை. கடலை மாவில் தோய்த்துப் போண்டா போடுவது பிள்ளைகளுக்குப் பிடித்த முறை. மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் கண்டால் பயப்பட வேண்டாம். அதிக நேரம் கொதித்ததால் கருவிலுள்ள இரும்பும் வெள்ளையிலுள்ள கந்தகமும் சேர்ந்து உண்டான நிறம் அது. கெடுதல் இல்லை. நாற்றமும் பிசுபிசுப்புமே கெட்டதற்கு அடையாளம். ஆனால் நான் சொன்ன அந்த நஞ்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆதலின் மூக்கை நம்புவதைவிடக் கடிகாரத்தை நம்புவது மேல்.

ஊறுகாய் போட்டு வைக்கலாமா என்று சென்ற கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார். காடியில் ஊற வைத்தாலும் குளிர்ப்பெட்டி அவசியம். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1997-இல் ஒருவர், முட்டையைக் குச்சியால் குத்திக் காடியில் போட்டு வெளியில் வைத்திருந்து உண்டதால் பொட்டுலிசம் என்னும் கொடிய நோய்க்கு ஆளானார். மாங்காய்க்குள்ள துணிச்சலை முட்டையிடம் காட்ட வேண்டாம்.

மனிதர் உண்ணும் நேரம் கடந்து, ஆனால் இன்னும் கெட்டுப் போகாத முட்டை இருந்தால் விவசாயிக்கு வேலை இருக்கிறது. மஞ்சள் கருவை உதிர்த்துக் குருணையோடு சேர்த்து நாட்டுக் கோழிக் குஞ்சுகளுக்குச் சிறிது வைக்கலாம். தின்னாததை உடனே எடுத்து விட வேண்டும். மீன் குஞ்சு வளர்ப்போர் அவித்த கருவைத் துணியில் கசக்கித் தண்ணீரில் கரைத்து விடுவார்கள். ஓட்டைக் காய வைத்துத் தூளாக்கினால் முட்டையிடும் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து. தூளாக்காமல் போட்டால் கோழி தன் முட்டையையே கொத்தக் கற்றுக் கொள்ளும். அப்புறம் அந்தப் பழக்கத்தை மாற்றுவது கஷ்டம். வயலுக்கு உரமாகும் என்று சிலர் பெரிதாகச் சொல்கிறார்கள். சுண்ணாம்பு மிகுந்த கரிசலுக்கு அதனால் குறிப்பிடத்தக்க பயனில்லை. எருக்குழியில் போட்டு விடுங்கள், போதும்.

அடுத்த மாதம் உங்களில் பல ஊர்களில் காப்புக் கட்டு வருகிறது. தேதி குறிக்கப்பட்ட ஊர்க்காரர்கள், இன்று கூட்டம் கலைவதற்கு முன் அதை என் உதவியாளரிடம் எழுதிக் கொடுத்து விட்டுச் செல்லுங்கள்.