சாயங்காலம் மணி அடிப்பது யார்?

(குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பேரிடர் ஒத்திகை நாம் எல்லோரும் நடத்தியிருக்கிறோம். நீண்ட மணி அடிக்கிறோம். பிள்ளைகள் புத்தகப்பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு மைதானத்துக்கு வருகிறார்கள். எண்ணிப் பார்த்து, படம் எடுத்து அனுப்பிவிட்டு அடுத்த பாடவேளைக்குப் போய்விடுகிறோம். சென்ற முறை எல்லாம் முடிந்த பிறகு என் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், சாயங்காலம் நான் வீட்ல இருக்கும்போது மணி யாரு அடிப்பா?"

நம் கம்பம் பள்ளத்தாக்கில் இது விளையாட்டுக் கேள்வி அல்ல. விடியுமுன் ஜீப் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிற தாய்மார்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழை பிற்பகலில்தான் பிடித்துக்கொள்ளும். மலைப்பாதையில் மண் சரிந்தால் அவர்கள் எந்நேரம் வீடு வருவார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அதுவரை வீட்டுக்குப் பெரிய மனுஷி அந்த ஏழாம் வகுப்புப் பெண்தான். இடுப்பில் தம்பி, அடுப்பில் உலை. பேரிடர் தயார்நிலையில் குழந்தைகளையும் ஈடுபடுத்துவோம் என்கிறோம். அவர்கள் ஏற்கெனவே அதற்குள்தான் இருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்காமல் விட்டது நாம்.

அதனால் பள்ளி விட்ட பிறகான நேரத்துக்கு ஒரு திட்டம் போட்டோம். ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் ஒரு பக்கம் எழுத வேண்டும். நான்கரை மணி முதல் ஏழு வரை வீட்டில் யார் இருப்பார்கள்? எந்தச் சுவர் ஊறியிருக்கிறது? பக்கத்தில் மேடான, உறுதியான கட்டடம் எது? யாரைக் கூப்பிடுவாய்? மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ஐயும் எழுதவைத்தேன். ஆனால் முதலில் ஓட வேண்டியது பக்கத்து வீட்டுக்குத்தான்.

அடுத்து, தாத்தா பாட்டிகளிடம் ஓடையைப் பற்றிக் கேட்டுவரச் சொன்னேன். இதில் கிடைத்தது எந்தக் கையேட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை. ஊரில் வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும். மேகமலைப் பக்கம் பெய்தால் சுருளியில் வரும். கொடைக்கானல் மலையில் பெய்தால் கும்பக்கரையில் வரும். அங்கே குளிக்கத் தடை போட வனத்துறை இருக்கிறது. ஊரோர ஓடைக்கு யார் இருக்கிறார்கள்? தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால் உடனே கரையேறிவிடணும் என்று பாட்டிகள் சொல்லியனுப்பினார்கள். செருப்பு போனால் போகட்டும்.

ஒரு பையன், இடி மின்னல் வந்தால் திராட்சைப் பந்தலுக்குள் ஒதுங்கிக்கொள்வோம் என்றான். பந்தல் முழுக்கக் கம்பி! அன்றைய பாடத்தை மூடிவைத்துவிட்டு மின்கடத்தியைப் பற்றிப் பேசினோம்.

கணக்குப் பாடத்துக்கு வைகை அணை உதவியது. முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியானால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அணை நமக்குக் கீழேதான் இருக்கிறது. இருந்தாலும் ஆண்டிபட்டிக்கு அப்பால் மதுரை வரை நம் பிள்ளைகளுக்குச் சொந்தபந்தம் உண்டே. தினமும் ஒருவர் செய்தித்தாளைப் பார்த்து நீர்மட்டத்தைக் கரும்பலகையில் எழுதுவார். முதல் எச்சரிக்கைக்கும் இரண்டாவதற்கும் இடையில் இரண்டரை அடி, அதற்கப்புறம் அரை அடிதான் என்று கண்டுபிடித்தவள் கணக்கில் தேறாத பிள்ளை. "அப்ப மொத எச்சரிக்கையிலயே மாட்டை மேட்டுக்கு ஓட்டிறணும் டீச்சர்" என்றாள்.

குரங்கணியை நாம் மறக்க மாட்டோம். 2018 மார்ச் 11 அன்று மலையேற வந்தவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் உதவிக்கு ஓடியவர்களில் மலையடிவாரத்து மக்களும் உண்டு. அந்தக் கோரத்தை வகுப்பில் விவரிக்க வேண்டாம். ஒரு தீக்குச்சி போதும், அதையும் ஆசிரியரே பற்றவைக்க வேண்டும். மருந்து நுனியை மேலே வைத்தால் சுடர் மெதுவாக இறங்கும். கீழே சாய்த்தால் விரலை நோக்கி விறுவிறுவென்று ஏறும். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமெடுக்கும் என்பது எட்டாம் வகுப்புக்குச் சட்டென்று புரிந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு தகப்பனார், "பச்சைப் பிள்ளைகளை ஏன் டீச்சர் பயமுறுத்துறீங்க?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் ஒரு விதியில் நான் கறாராக இருக்கிறேன்: பிள்ளைகள் யாரையும் காப்பாற்றப் போகக் கூடாது. தண்ணீரில் இறங்கக் கூடாது, தீயை அணைக்கப் போகக் கூடாது. விலகிப் போய்ப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். கயிறு வாங்கித் தாருங்கள் என்று வந்து நின்ற எட்டாம் வகுப்புப் பையனைத் திருப்பி அனுப்பினேன். அவனுக்கு என்மேல் இன்னும் கோபம்தான். 2011 மார்ச் 11 சுனாமியின்போது ஜப்பானின் கமாய்ஷியில் நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகள் செய்ததும் மேட்டுக்கு ஓடியதுதான். ஓடும்போது சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் போய் நின்ற இடம் போதாது என்று தெரிந்ததும் இன்னும் மேலே ஏறினார்கள். அதைப் பலமுறை பழகியிருந்தார்கள்.

எங்கள் நோட்டுகளில் ஒரு குறை இன்னும் தீரவில்லை. "பக்கத்து வீட்டுப் பெரியவர்" என்ற கட்டத்தைச் சில பிள்ளைகள் காலியாக விட்டிருக்கிறார்கள். கேட்டால், "அவங்களும் ஜீப்புல போயிருவாங்க டீச்சர்" என்கிறார்கள். தெருமுனைக் கடைக்காரர், அங்கன்வாடி அக்கா, கோவில் பூசாரி என்று ஒவ்வொருவராகக் கேட்டு வருகிறோம். இரண்டு தெருக்களுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. உங்கள் ஊரில் இதற்கு வழி கண்டவர்கள் இருந்தால், தேநீர் இடைவேளையில் என்னிடம் சொல்லுங்கள். எழுதிக்கொள்ள நோட்டு கொண்டு வந்திருக்கிறேன்.