கப்பியும் கப்பலும்



நம் தங்கவயலில் கடல் இல்லை. ஆனாலும் இன்று கப்பலைப் பற்றிப் பேசப் போகிறேன்.

1988 ஜூலை 8. பெங்களூரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போன ரயில், கேரளத்தில் பெருமண் என்ற இடத்தில் காயலில் விழுந்தது. நம் பங்காரப்பேட்டை வழியாகப் போகும் ரயில் அது. 100 பேருக்கு மேல் இறந்தார்கள். தண்ணீரில் கிடந்த பெட்டிகளைத் தூக்கப் பேப்பூர் கலாசிகள் வந்தார்கள். கயிறு, கப்பி, உருளை மரம். இவைதான் அவர்களுடைய கருவிகள்.

பேப்பூர், கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஊர். அங்கே ‘உரு’ என்ற பெரிய மரக்கப்பலைக் கட்டுகிறார்கள். தச்சர்கள் தேக்கு மரத்தில் கட்டுவார்கள். காகிதத்தில் படம் வரைவதில்லை. அளவெல்லாம் மேஸ்திரியின் மனக்கணக்கு. கட்டிய உருவை ஆற்றில் இறக்குவது கலாசிகளின் வேலை. அவர்களில் பலர் மாப்பிள்ளை முஸ்லிம்கள். அரபு நாட்டார் இந்தக் கப்பல்களை விரும்பி வாங்குகிறார்கள்.

இத்தனை பாரத்தை எப்படி அசைக்கிறார்கள்? கிணற்றில் மேலே கட்டிய கப்பி, இழுக்கும் திசையை மட்டும் மாற்றும். சுமையோடு சேர்ந்து ஏறும் கப்பி, பாரத்தைப் பாதியாக்கும். 100 கிலோவைத் தூக்க ஏறக்குறைய 50 கிலோ இழுவை போதும். ஆனால் 1 மீட்டர் உயர்த்த 2 மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும். கப்பிகளைக் கூட்டினால் பலம் கூடும்.

மதரஸாவில் நம் பிள்ளைகள் நூஹ் நபி கப்பல் கட்டிய வரலாற்றைப் படிக்கிறார்கள். அந்தப் பாடத்தன்று ஹஜ்ரத் ஒரு வாளித் தண்ணீரில் எவர்சில்வர் கிண்ணத்தை மிதக்க விடலாம். இரும்பு ஆணி மூழ்குகிறது, கிண்ணம் ஏன் மிதக்கிறது என்று கேட்கலாம். கிண்ணம் தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்குகிறது. அதனால் மிதக்கிறது. சின்ன ஆணியால் அவ்வளவு தண்ணீரை ஒதுக்க முடியாது. கப்பல் மிதப்பதும் இப்படித்தான். பிறகு கலாசிகளின் கப்பியையும் காட்டலாம். மார்க்கப் பாடமும் நடக்கும், விஞ்ஞானமும் புரியும். இதற்குத் தனிச் செலவு இல்லை.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? நம் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. கூண்டு இறக்கவும், மரம் முட்டுக் கொடுக்கவும், பாறையின் சத்தத்தைக் கேட்டு ஆபத்தை அறியவும் நம் பெரியவர்களுக்குத் தெரியும். அதில் எவ்வளவை நம் பிள்ளைகளுக்குச் சொன்னோம்? கை மட்டும் அறிந்த வித்தை, கையோடு போய்விடும்.

இன்று உங்களுக்கு எழுதத் தெரியும். வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள். பள்ளியிலும் மதரஸாவிலும் அதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள்.