கோயிற் சுவரில் குடிகொண்ட வண்ணங்கள்



குடமுழுக்கு அணுகுங்கால் திருக்கோயில் மதிலில் வெண்மையும் செங்காவியுமாகப் பட்டை தீட்டப்பெறுவதைக் காணாதார் இலர். அவ்வெண்மை சுண்ணாம்பு, அச்செம்மை இரும்புத் துரு கலந்த மண். 1010-இல் நிறைவெய்திய தஞ்சைப் பெருவுடையார் கோயிலில், கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில் ஓவியம் வரைந்தோர் கையாண்டவற்றுள்ளும் இவ்விரண்டும் உண்டு.

செம்மேனி என்றும் நீலமிடறு என்றும் பச்சைப் பாகம் என்றும் இறைவனை நிறத்தால் போற்றுவது அடியார் மரபு. பாடுவோர்க்குச் சொல் போதும். தீட்டுவோர்க்கோ பொருள் வேண்டும். இயற்கையிலே காணும் நிறமனைத்தும் கைக்கு அகப்படுவன அல்ல. முருகன் ஊர்தியாம் மயிலின் தோகையை அரைத்தால் கருமை சார்ந்த தூளே எஞ்சும், நீலம் கிட்டாது. தோகையின் நுண்ணிய அடுக்கமைப்பில் ஒளி பட்டு மீள்வதால் தோன்றும் நிறம் அது. இலையின் பசுமை மெய்யான நிறப்பொருளே. எனினும் கதிரொளியைப் பற்றி உணவாக்குதற்கு அமைந்த அது, இலை உலர்ந்தால் மங்கிவிடும். மஞ்சளோ சுண்ணாம்பைச் சேர்ந்ததும் சிவக்கும். குங்குமம் செய்வார்க்கு அது நலம். சுவரில் பொன்னிறம் வேண்டுவார்க்கு அதுவே கேடு.

தஞ்சை ஓவியர் இவ்வியல்புகளை அறிந்தே நிறங்களைத் தேர்ந்தனர் எனல் வேண்டும். சென்னை அரசினர் அருங்காட்சியகத்து வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் அச்சுவர்ப் பூச்சை ஆராய்ந்தார். வெண்மைக்குச் சுண்ணாம்பு, கருமைக்குக் கரி, மஞ்சட்காவி, செங்காவி, பச்சை மண், நீலத்துக்கு இராசவர்த்தக் கல் எனப் பொருள்கள் புலப்பட்டன. மஞ்சட்காவியைச் சுட்டால் செங்காவியாகும். இரண்டும் இரும்பின் பிள்ளைகளே. மண்ணும் கரியுமாகிய இவ்வெளிய கூட்டத்தில் நீலம் ஒன்றே அரியது. பண்டை நாளில் அக்கல்லுக்குப் பெயர்பெற்ற சுரங்கங்கள் ஆப்கானிஸ்தானத்துப் படக்‌ஷான் மலைகளில் இருந்தன.

சுவரில் பூசிய சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போதே நீரில் குழைத்த நிறம் ஏற்றப்படும். பூச்சு உலருங்கால் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கவர்ந்து மீண்டும் சுண்ணக்கல்லாக இறுகி நிறத்தைப் பிணித்துக்கொள்ளும்; பசை வேண்டுவதில்லை. ஈரம் நிற்கும் சில நாழிகைக்குள் பணி முடிதல் வேண்டும். பிழையெனில் பூச்சையே பெயர்த்தெடுத்து மீளத் தொடங்கவேண்டும். குறுகி இருண்ட அச்சுற்றிலே, விளக்கொளியில், சேரமான் பெருமாள் குதிரைமீது உடன்வரச் சுந்தரர் வெள்ளானையேறிக் கயிலை செல்லும் காட்சியையும், முப்புரம் எரிக்கப் புறப்பட்ட பெருமானின் சினந்த திருமுகத்தையும் தீட்டிய கைகளின் துணிவு வியத்தற்குரியது. அவர்தம் பெயர் எவர்க்கும் தெரியாது.

இவ்வோவியங்கள் நெடுங்காலம் கண்ணுக்குத் தென்படவில்லை. நாயக்கர் காலத்தார் அவற்றின்மேல் புதிதாகப் பூசித் தம் ஓவியங்களைத் தீட்டியிருந்தனர். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி அங்குச் சென்றபோது, மேற்பூச்சு உதிர்ந்திருந்த இடங்களில் உள்ளிருந்த சோழர் வண்ணத்தைக் கண்டார்.

மேலே பூசியவரைப் பழித்தல் தகாது. அவரும் அன்பினாலேயே செய்தனர். அவ்வன்பே இன்றும் திருப்பணிகளில் இடர் விளைக்கிறது என்பதை இவ்வேளையில் மறைத்துப் பயனில்லை. பழஞ்சுவர் அழுக்குற்றது எனக் கருதி வெள்ளையடித்த கோயில்கள் பல. மணலை விசையோடு பாய்ச்சித் துப்புரவு செய்த இடங்களில் சிற்பங்களின் கூர்மை தேய்ந்தது. வெள்ளையின்கீழ் மறைந்த ஓவியம் என்றேனும் வெளிப்படலாம், சுரண்டப்பட்டது மீளாது. வண்ணம் சுவரில் ஏறிநிற்கும் ஆழம் மிகச் சிறிதே. எனவே தூரிகையோ உளியோ தொடுமுன், உதிர்ந்த விளிம்புகளை விளக்கேந்திப் பார்த்தலும், ஐயமுள்ள இடத்தைத் தொல்லியல் துறையினர்க்குக் காட்டுதலும் திருப்பணியின் முதற்கடனாகும்.

தஞ்சையில் தொல்லியலார் நாயக்கர் ஓவியத்தையும் அழிக்கத் துணியவில்லை. மேலடுக்கைப் பக்குவமாகப் பெயர்த்தெடுத்துத் தனிப்பலகைகளில் பதித்துக் காத்தனர். அதன்கீழே சோழர் தீட்டியவை அவற்றுக்குரிய சுவரிலேயே விளங்குகின்றன.