கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு
(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



ஆண்களும் இருக்கும் சபையில் இதைப் பேசலாமா என்று சிலர் கேட்டார்கள். ஆண்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நாங்கள் நினைத்தோம்.

மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வந்த ஒரு தாய்க்குக் கர்ப்பப்பை எடுத்து எட்டு மாதம். இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது. உளூ நிற்காது என்று பயந்து தொழுகையையே விட்டிருக்கிறார். கணவருக்குக்கூடத் தெரியாது.

மூல நோய் கண்டிருந்த இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) வெட்கப்படாமல் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் படுத்துத் தொழ அனுமதி கிடைத்தது, புகாரியில் இருக்கிறது. எப்போதாவது கசிந்தால் சுத்தம் செய்து மறுபடி உளூச் செய்ய வேண்டும். ஓயாமல் கசிபவருக்குச் சலுகை உண்டு: நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணி வைத்து, உளூச் செய்து தொழலாம். ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளில் விவரம் சற்று மாறும்; ஆலிமிடம் கேளுங்கள். தொழுகையை விடாதீர்கள்.

அடுத்தது, இது வயதின் விதி அல்ல. சிறுநீர்ப்பையைத் தாங்கும் அடியிடுப்புத் தசைகள் தளர்ந்திருக்கின்றன. பயிற்சியால் பலருக்கு வலுப்படும். அர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-இல் எழுதிய பயிற்சிதான். வாயுவையும் சிறுநீரையும் அடக்குவதுபோல் உள்ளே இறுக்கி, ஐந்து விநாடி வைத்து, அதே அளவு தளர்த்த வேண்டும். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. மூச்சைப் பிடிக்கக்கூடாது, வயிற்றை எக்கக்கூடாது. உட்கார்ந்தபடியே செய்யலாம், பார்ப்பவருக்குத் தெரியாது. பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம். ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டர் சரி என்ற பிறகே தொடங்க வேண்டும். மலச்சிக்கலும் நாள்பட்ட இருமலும் அந்தத் தசைகளைத் தளர்த்தும். அவற்றுக்கும் வைத்தியம் பாருங்கள்.

இனி ஆண்களுக்கு. பதினைந்து லிட்டர் குடம் பதினைந்து கிலோ. நிறைந்த கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய முப்பது கிலோ. முதல் ஆறு வாரமாவது இவற்றை அவர்கள் தொடக்கூடாது. "தையல் ஆறிடுச்சே" என்கிறோம். வெளித்தோல் ஆறியதை வைத்து உள்ளே ஆறியதைச் சொல்ல முடியாது. வீட்டுக்குள் மெதுவாக நடக்கட்டும், அது நல்லது. காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, அதிக ரத்தப்போக்கு, ஒரு காலில் வீக்கமும் வலியும் கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வரும் ஞாயிறு அஸருக்குப் பின், பெண்கள் பகுதியில் ஒரு நர்ஸ் சகோதரி இப்பயிற்சியைக் கற்றுத் தருகிறார், இன்ஷா அல்லாஹ். பெயர் பதிய வேண்டியதில்லை.